பிடியரிசிச் சோறு

நம் வயதுக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு முதலில் வருடக் கணக்கில்தான் மாட்டிக்கொள்கிறது. ஒருவர் ஐம்பத்தெட்டு என்பார், இன்னொருவர் தம் கல்யாணத்தை வைத்து அறுபது என்பார், காப்பி ஆறிப்போகும். நான் சொல்ல வருகிற ஆடி மாதத்துக்கும் சரியான வருடம் கிடைக்கவில்லை. புதுக் காசு வந்துவிட்டது. ஆனால் போத்தனூர்க் கடைத்தெருவில் எல்லாரும் இன்னும் அணாவில்தான் விலை சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு போடத் தொடங்கியிருந்தார்கள். சுவரில் தொங்கிய வரைபடத்தில் நம் ராஜ்யத்துக்குப் பெயர் சென்னை. தம்பிக்குப் பால்பல் ஆடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஐம்பதுகளின் கடைசி, அல்லது அறுபதுகளின் தொடக்கம். அதற்கு மேல் நெருக்கினால் நான் கற்பனை செய்யத் தொடங்கிவிடுவேன்.

மாதத்தில் மட்டும் சந்தேகமில்லை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி வரும் காற்று அந்த மாதத்தில்தான் எங்கள் தெருவுக்குள் அப்படிப் புகும். ஓட்டுச் சந்துகளில் ஊதும். சாரல் வெயிலோடு வந்து வெயிலோடு போகும். இஞ்சின் புகையும் அதே காற்றில் வந்து கொடியில் காயும் வெள்ளைத் துணிகளில் கரியைத் தூவிவிட்டுப் போகும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு உடுத்திப்போகும் சேலையை அம்மா வீட்டுக்குள்தான் காயப்போடுவாள். அந்த ஈரச் சேலைக்கு அடியில் புகுந்து போய்த்தான் நாங்கள் அடுப்பங்கரைக்குப் போக வேண்டும். அதன் நுனி பிடரியில் படும் குளிர்ச்சி இப்போதும் ஆடிக் காற்று அடித்தால் எனக்கு வந்துவிடுகிறது.

எங்களுடையது சிறிய கிறிஸ்தவ சபை. ரயில்வேயில் வேலையாக இருந்தவர்கள், மதுக்கரைப் பக்கம் சிமெண்ட் வேலைக்குப் போனவர்கள், கூட்ஸ் ஷெட்டில் மூட்டை சுமந்தவர்கள், பண்ணை வேலையை விட்டு வந்த எங்களைப் போன்றவர்கள். சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது, அரிசியைக் களைவதற்கு முன், ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனிச் சட்டியில் போட்டு வைப்பார்கள். சனிக்கிழமை காலையில் ஓய்வுநாள் பள்ளிப் பெண்பிள்ளைகள் வீடு வீடாகப் போய் அதை வாங்கி வர வேண்டும். எங்கள் தெருவுக்கு நான். என்னிடம் ஒரு பிஸ்கட் தகரடப்பா இருந்தது. மூடியில் தொப்பி போட்ட துரைசானி ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்துப் பெயிண்ட் உரிந்து துரு தெரிந்தது.

ஒவ்வொரு வீட்டு அரிசியும் ஒரு மாதிரி. ரயில்வே கார்டு வீட்டில் வாசனையான சீரகச் சம்பா. பாலக்காட்டில் பெண் கொடுத்த வீட்டில் சிவப்பு மட்டை அரிசி. சில வீடுகளில் புழுங்கல், சில வீடுகளில் கல்லும் உமியும் கலந்த பச்சரிசி. எல்லாவற்றையும் ஐயர் வீட்டுப் பின்கட்டில் இருந்த பெரிய டிரம்மில் கொட்டுவோம். எங்கள் சபைகளில் குருவானவரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வதுதான் பழக்கம். ஐயரம்மா மாதத்துக்கு ஒருமுறை அந்த அரிசியைப் பைகளில் கட்டி, இல்லாத வீடுகளுக்கும் நோயாளி இருக்கும் வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

அந்த அரிசியைப் பதமாக வடிக்க யாராலும் முடியாது. ஒன்று குழைந்திருக்கும், ஒன்று விதை மாதிரி நிற்கும். எங்கள் பாட்டுக்குழு ஆளுக்கொரு சுருதியில் பாடும்போது அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "பிடியரிசிச் சோறாட்டவே பாடுறாங்க பாரு" என்பாள்.

அப்பா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை சுமந்தார். மேஸ்திரியின் கீழே தினக்கூலி. வேலைக்குப் போன அன்றைக்குக் கூலி உண்டு, போகாத நாளைக்கு இல்லை. பருத்திப் பொதி, கடலை, புண்ணாக்கு, சிமெண்ட் எல்லாம் அவர் முதுகில் ஏறி இறங்கின. பொழுதோடு வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு என்ன சரக்கு என்று வாசனையிலேயே சொல்லிவிடலாம். புண்ணாக்கு நாட்களில் தம்பி அவர் தோளை விட்டு இறங்க மாட்டான்.

மூட்டை சுமக்கிறவர்களிடம் ஒரு முறை இருந்தது. சுமக்கிறவர் குனிந்து முதுகைக் கொடுக்க, இரண்டு பேர் மூட்டையின் காதுகளைப் பிடித்துத் தூக்கி அவர் மேல் வைப்பார்கள். அப்பா மட்டும் யாரையும் தொடவிடமாட்டார். மூட்டையை நிமிர்த்தி நிறுத்தி, அதற்கு முன்னால் உட்கார்ந்து, முதுகில் சாய்த்துக்கொண்டு தாமே எழுவார். அதைப் பார்க்கவே ஆட்கள் வேலையை நிறுத்துவார்களாம்.

கோயிலுக்கு வருவார். கதவுக்குப் பக்கத்துப் பாயில் உட்காருவார். வீட்டில் மாலை ஜெபத்துக்கு அம்மா பாய் விரித்தால் மட்டும் கோழியைக் கூடையில் அடைக்க வேண்டும் என்று வெளியே போய்விடுவார். அம்மா ஒருநாள் கேட்டாள்.

"ஏனுங்க, கோழி தெனமுமா ஓடிப் போகுது?"

"ரெண்டு கை குடுத்திருக்காரில்ல. அப்பறமும் அவரைத் தொந்தரவு பண்ணலாமா?"

அம்மா சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

ஆடியில் ஒரு சாரல் நாளில் வேகனுக்கும் ஷெட்டுக்கும் நடுவே போட்டிருந்த பலகை நனைந்திருந்தது. புண்ணாக்கு மூட்டை. "இன்னிக்கு மட்டும் ரெண்டு பேரை வெச்சுக்கப்பா, வழுக்குது" என்று மேஸ்திரி சொன்னாராம். அப்பா வழக்கம்போல உட்கார்ந்து எழுந்தார். எழும்போது இடுப்பில் பிடித்துக் கால் இழுத்தது. மூட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு, இறக்க வேண்டிய இடத்தில் இறக்கிவிட்டு, நடந்தே வீடு வந்தார். மறுநாள் காலை அவரால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

கணபதியிலிருந்து எலும்பு வைத்தியரைக் கூட்டிவந்தார்கள். உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்து இடுப்பைச் சுற்றிக் கட்டினார். அது காய்ந்து மரப்பட்டை மாதிரி ஆயிற்று. "ஆவணி பொறந்து பாதி போகட்டுமுங்க. அதுவரைக்கும் பாரம் ஆகாது. மீறினீங்கன்னா காலு வராது" என்றார். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே, "செரிங்க" என்றார்.

அந்த வாரங்களின் சாப்பாட்டை நான் வரிசையாகச் சொல்ல முடியும். முதலில் அரிசி குறைந்து சோளம் வந்தது. பிறகு ராகிக் களி. பிறகு களி இளகிக் கூழானது. நடுவே பாலக்காட்டு ரயிலில் வரும் குச்சிக் கிழங்கு என்கிற மரவள்ளி. ஜெபத்துக்குப் பயந்து ஓடுவதாகச் சொல்லப்பட்ட கோழிகள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. எங்களுக்கு மத்தியானத்தில் பள்ளிச் சோறு இருந்தது. அதை அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "அது சர்க்காரு சோறு. ஆரும் தன்ற கையால போடறதில்ல" என்றார். அம்மா ஒரு குடோனுக்குக் கடலை உரிக்கப் போனாள். மாலையில் அவள் விரல் நுனிகள் வெடித்திருக்கும். உப்பில் கை வைக்கும்போது மூச்சை இழுத்துக்கொள்வாள்.

இத்தனைக்கும் நடுவில் பிடி எடுப்பதை அவள் விடவில்லை. அரிசி இருந்தவரை அரிசி, சோளம் வந்ததும் சோளம். வீடு ஒரே அறை. அப்பா கட்டிலில் படுத்தபடி அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்புள்ள, அது எதுக்கு அக்கட்டால போகுது?"

"எப்பவும் போறதுதானுங்க."

"எப்பவும் நான் சம்பாரிச்சேன். இப்பச் சும்மா கெடக்கறேன். உன்ற ஆண்டவருக்கு அது தெரியாதா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சும் ஒரு பிடி கேக்கறாரா?"

"அவரு கேக்கலீங்க. நாந்தான் வெக்கறேன்."

"புள்ளைங்க கூழு குடிக்குது, நீ வெக்கறே."

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நிறுத்திப்போட்டா இந்தச் சட்டியில இருக்கறதுதான் நமக்குன்னு ஆயிருமுங்க. அப்பறம் எனக்குப் பயமாயிரும்."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தார். கட்டு விடவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

பக்தியுள்ள பெண்களுக்குப் பயமே இராது என்று நம்மிடம் சொல்லி வளர்த்தார்கள். அம்மாவுக்குப் பயம் இருந்தது. துவைக்கிற கல்லில் துணியை அடித்துக்கொண்டிருப்பவள் பாதியில் நிறுத்திவிட்டு, ஈரக் கையை மடியில் வைத்து, உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருப்பாள். எழுந்து மறுபடி அடிப்பாள். ஜெபம் அவளுக்கு வேலைக்கு நடுவே நிமிர்ந்துகொள்கிற இடமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அவள் யாரோடு பேசுகிறாள் என்று தம்பி என்னைக் கேட்டான்.

ஒரு மாலை ஐயரம்மா வந்தார்கள். கையில் மஞ்சள் பை. பை நிறையப் பிடியரிசி. அதை வாசல் படிக்கு உள்ளே வைத்துவிட்டு, அப்பாவின் உடம்பை விசாரித்தார்கள். அப்பா படுத்தபடியே கும்பிட்டார்.

"அதை எடுத்துட்டுப் போயிருங்கம்மா."

"சபை குடுக்கறதுங்க. எல்லாருக்கும் உள்ளதுதான்."

"இருக்கட்டுங்கம்மா. நாங்க குடுக்கற ஊடு. வாங்கற ஊடு இல்லீங்க."

"ஒடம்பு நல்லாகிற வரைக்கும்…"

"நல்லாயிருமுங்க."

ஐயரம்மா அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தரையைப் பார்த்தாள். ஐயரம்மா பையை எடுக்காமலே கிளம்பிவிட்டார்கள். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் அப்பா என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, அதைக் கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு வந்துரு."

அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு, நான் சனிக்கிழமைதோறும் டப்பாவோடு போய் நிற்கும் அதே வாசல்களைக் கடந்து போனேன். பை கனத்தது. கார்டு வீட்டு அம்மா, "ஏன் கண்ணு, திருப்பிக் கொண்டுபோறே?" என்று கேட்டார்கள். பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன். பசி தெரிந்தது. ஐயரம்மா பையை வாங்கி டிரம்முக்குள் கொட்டாமல் ஆணியில் மாட்டினார்கள். "அப்பிடியே இருக்கட்டும்" என்றார்கள், எனக்குச் சொன்ன மாதிரியும் இல்லை.

சபையில் எல்லாரும் அதைக் கர்வம் என்றார்கள். ஐயர்கூட அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பெருமையைப் பற்றிப் பேசினார். பெயர் சொல்லவில்லை. கதவுக்குப் பக்கத்துப் பாய் காலியாக இருந்ததை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்குக் கோயிலிலிருந்து திரும்பும் வழியில் அம்மா எனக்கு ஒன்று சொன்னாள். "உன்ற அப்பாரு, உங்கப்பாவைப் பெத்தவரு, பல்லடம் பக்கம் பண்ணையத்துல இருந்தாரு. களத்துல தவசம் அளக்கறப்ப இவங்கெல்லாம் தள்ளி நின்னு துண்டை ஏந்தோணும். பார்த்துப் போடுங்க சாமீன்னு சொல்லோணும். போடறவங்களுக்கு மனசு இருந்தா விழும், இல்லாட்டி இல்ல. உங்கப்பா சின்னப்பையனா பக்கத்துல நின்னிருக்காரு. கொஞ்சம் முதுகு வந்ததும் ரயிலேறிட்டாரு." சிறிது தூரம் நடந்த பிறகு, "ஐயருக்கு இதைச் சொன்னா அழுதுருவாரு. சொல்லாத" என்றாள்.

சொல்லியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். பிரசங்கம் கேட்டுவிட்டுப் போனவர்கள் கடைசிவரை அவரைக் கர்வக்காரர் என்றே நினைத்தார்கள். யார் முன்னாலும் ஏந்தாமல் நிற்பதற்கு அந்த மனிதருக்கு இருந்த ஒரே பலம் முதுகு. அதுவும் படுத்துவிட்டது.

ஆவணி பிறந்த கொஞ்ச நாளில், ஒரு சனிக்கிழமை விடியலில், அப்பா சுவரைப் பிடித்து எழுந்து நின்றார். கட்டின் மேல் வேட்டியை இறுக்கிக்கொண்டார். வைத்தியர் சொன்ன கெடு இன்னும் வரவில்லை.

"வேலைக்குங்களா?" என்றாள் அம்மா.

"பின்ன?"

"காலு வராதுன்னாருங்களே."

"வரும்."

அம்மா தடுக்கவில்லை. வழியை விட்டு விலகி நின்றாள். அவர் தெருவில் இறங்கியதும், பாய் விரிக்காமல், வெறும் தரையில் முட்டிபோட்டாள். நெடுநேரம் எழவில்லை. அன்று எங்கள் தெருவுக்கு டப்பாவோடு போகவே எனக்கு நேரமாகிவிட்டது.

பகலில் கூழைத் தூக்குப்போசியில் ஊற்றிக் கொடுத்தாள். நான் கூட்ஸ் ஷெட்டுக்குப் போனபோது அப்பா ஒரு வேகனின் நிழலில் மூட்டைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு மூட்டை கவிழ்ந்து கிடந்தது. மற்றவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மேஸ்திரி என்னைப் பார்த்ததும் சொன்னார்: "வா அம்மணி. உங்கப்பன் பாதி எந்திரிச்சு அப்பிடியே நின்னுட்டாரு. நாங்க சாமி வந்திருச்சாக்கும்னு பார்த்தோம்."

ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. இரண்டு பேர் வந்து, "சாக்குல வெச்சு ஊட்டுல கொண்டுபோய் உட்டுடறோமுங்க" என்றார்கள். அப்பா தலையை அசைத்து வேண்டாம் என்றார். வேகன் சக்கரத்தைப் பிடித்து எழுந்தார். கூழைக் குடிக்கவில்லை. நாங்கள் இருவரும் நடந்தோம்.

ரயில்வே கேட்டுக்கு வந்தபோது அது மூடியிருந்தது. நிற்க வேண்டியதாயிற்று. நிற்பதுதான் அவருக்கு நடப்பதைவிடக் கஷ்டம். கேட்டுக் கம்பியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்து என் தோளில் வைத்தார். முதலில் விரல்கள் மட்டும், பிறகு உள்ளங்கை, பிறகு அவருடைய பாரம். நான் காலை அகட்டி நின்றுகொண்டேன். பாலக்காட்டுப் பக்கம் போகிற கூட்ஸ் வண்டி, மூடிய வேகன்களாக, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதன் சத்தத்தில் அவர் சொன்னது முதலில் கேட்கவில்லை. வண்டி போன பிறகு மறுபடி கேட்டார்.

"அந்தப் பை இன்னும் அங்கயே இருக்குதா அம்மணி?"

"ஆணியில மாட்டியிருக்குதுங்கப்பா."

கேட்டுக்காரர் கம்பியைத் தூக்கினார். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அப்பா திரும்பவில்லை. ஐயர் வீடு அந்த வழியில் இன்னும் கொஞ்சம் தள்ளி. "நான் போய் வாங்கிட்டு வந்தர்றேனுங்கப்பா" என்றேன். "வேண்டாம். நாந்தான் வேண்டாம்னேன்" என்றார்.

ஐயரம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்கள்.

"அரிசி இருந்தா வேணுமுங்க" என்றார் அப்பா.

அவ்வளவுதான். ஐயரம்மா உள்ளே போய் அந்த மஞ்சள் பையைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தார்கள். அப்பாவும் இரண்டு கையால் வாங்கினார். வாங்கியவர் பை வாயை விலக்கி உள்ளே பார்த்தார். வெள்ளையும் சிவப்புமாகக் கலந்து கிடந்தது.

"இதுல உங்க ஊட்டு அரிசியும் இருக்குதுங்க" என்றார்கள் ஐயரம்மா.

"எதுங்க?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்? ஆண்டவருக்குத்தான் தெரியும்."

அப்பா அந்தப் பைக்குள் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

இதை முடிப்பதற்கு முன்னால் பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலர் அதைக் கேட்பீர்கள். கால் வந்தது. முதுகு வரவில்லை. கார்த்திகை வாக்கில் மேஸ்திரி அவரைச் சாக்கு வாய் தைக்கிற வேலையில் உட்கார வைத்தார். கோணி ஊசியோடு அதே ஷெட்டில் பல வருடங்கள் உட்கார்ந்திருந்தார். கூலி குறைவு. அம்மா கடலை உரிப்பதை விடவேயில்லை. அதிசயமாக எதுவும் எங்களுக்கு நடக்கவில்லை. பட்டினியாகவும் நாங்கள் கிடக்கவில்லை.

அந்த ஆவணிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அம்மா பையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், உலை வைத்தாள். வைப்பதற்கு முன் அந்த அரிசியிலிருந்தும் ஒரு பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போட்டாள். அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

விளக்கேற்றிப் பாயை விரித்தாள். வெளியே அடைப்பதற்குக் கோழி எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் அவரால் போயிருக்க முடியாது. தட்டங்களை வைத்தாள். சோற்றின் ஆவியில் சீரகச் சம்பாவின் வாசனையும் மட்டை அரிசியின் வாசனையும் தனித்தனியாக வந்தன. தம்பி தட்டத்தில் கை வைக்கப் போனான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பாவின் குரல் வந்தது.

"ஆண்டவரே" என்றார். பிறகு நின்றுவிட்டார். மேஸ்திரியிடம் பேசுகிற அதே மரியாதையில் மெதுவாகச் சொன்னார்: "என்னால முடியலீங்க."

நாங்கள் காத்திருந்தோம். வேறொன்றும் வரவில்லை. அதற்கு முன்னால் யாரிடமும் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா எதையும் சேர்க்கவில்லை. ஆமென் என்று மட்டும் சொன்னாள். தம்பி இரண்டு தடவை சொன்னான், சீக்கிரம் சாப்பிடலாம் என்று.

சோறு எப்போதும்போல்தான் வெந்திருந்தது. சில பருக்கை குழைந்தும், சில பல்லில் கடிபட்டும். புளிரசம் மட்டும். அப்பா தலை குனிந்து, நிதானமாக, தட்டத்தை வழித்துச் சாப்பிட்டார். அம்மா சோற்றுச் சட்டியைப் பார்த்தாள். அவள் பங்கு அதற்குள் இருந்தது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அவர் எப்போதும் முதல் தடவை போட்டதோடு எழுந்துவிடுகிறவர்.

அன்றைக்கு எழவில்லை. தட்டத்தை அம்மாவின் பக்கம் சற்றே நகர்த்தினார்.

"உனக்கு எடுத்து வெச்சுப்போட்டு, இன்னுங் கொஞ்சம் இருந்தாப் போடு புள்ள" என்றார்.